கையில் ஒட்டாத மணல்

அத்தியாயம் 14

மகள் கோர்ட்டில் வாதாடுவதைப் பார்க்கப் போகிற நாளில், எந்தத் தலைத்துணியைக் கட்டுவது என்று ஒரு தாய் குழம்பாமல் இருப்பாளா? சியோம்புவா மூன்றைக் கட்டிக் கட்டி அவிழ்த்து, கடைசியில் முதலில் எடுத்த மஞ்சளையே கட்டிக்கொண்டாள்.

ஒரு வாரமாக அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. போன வியாழக்கிழமை கோர்ட்டில் நடந்ததை மச்சாகோஸ் சந்தையில் தக்காளி விற்கிறவளிலிருந்து மட்டாட்டு வண்டி ஓட்டுகிறவன் வரை எல்லோரிடமும் சொல்லி முடித்தாயிற்று. கேட்டவர்களைப் பிடித்து உட்கார வைத்து மறுபடியும் சொன்னாள்.

சொல்லாமல் என்ன செய்வாள்? ஒப்பந்தக்காரர் முல்வா கட்டிக் கொடுத்த ஐந்து மாடிக் குடியிருப்பு அது. நாற்பது குடும்பங்கள் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாங்கியது. போன வருஷம் ஒரு மத்தியான நேரம் மாடிப்படியின் நடுத்தளம் அப்படியே கழன்று விழுந்தது. கதுங்கே என்கிற பள்ளிக்கூட டீச்சருக்குக் கால் போயிற்று. மறுநாள் அதிகாரிகள் வந்து சுவரில் சிவப்புப் பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போனார்கள். எட்டு மாதமாக நாற்பது குடும்பமும் சர்ச் மண்டபத்தில் பாய் போட்டுப் படுத்திருக்கிறது.

முல்வா அசைந்து கொடுக்கவில்லை. "ஒப்படைச்ச நாள்லேர்ந்து ஒரு வருஷம்தான் எங்க பொறுப்பு. அது என்னைக்கோ முடிஞ்சு போச்சு" என்று அவருடைய வக்கீல் நியாமு கையை விரித்தார்.

அந்த நாற்பது குடும்பத்துக்காக வாதாடும் மகள் கலுண்டே எழுந்தாள். "அந்த ஒரு வருஷம் கண்ணுக்குத் தெரியற குறைக்கு, மை லேடி. தூணுக்கு உள்ள ஒளிஞ்சிருக்கிற குறையை இவங்க எப்படிப் பாத்திருக்க முடியும்? அது வெளிய வந்த நாள்லேர்ந்துதான் கணக்கு" என்று ஒரே போடாகப் போட்டாள். நீதிபதி அம்மா கலுண்டே பக்கம் சாய்ந்தார். கதுங்கே டீச்சர் ஊன்றுகோலைத் தூக்கிக்கொண்டு ஆடாத குறைதான்.

இன்றைக்கு அடுத்த கட்டம். காலையில் கோர்ட், மத்தியானம் நீதிபதியே கட்டடத்தை நேரில் பார்க்க வருகிறார்.

"நீங்களும் வாங்களேன், கலுண்டே அப்பா" என்று கணவனைக் கூப்பிட்டாள் சியோம்புவா.

கிதாவி தேநீர்க் கோப்பையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "முதுகு வலிக்குது. நீ போய்ட்டு வா."

"முதுகு நேத்து நல்லாத்தானே இருந்துச்சு?"

"இன்னைக்கு வலிக்குது. வலி உன்கிட்டக் கேட்டுட்டா வரும்?"

இந்த வழக்கை ஆரம்பத்திலிருந்தே அவருக்குப் பிடிக்கவில்லை. நிலத் தகராறு, விவாகரத்து என்று எவ்வளவோ வழக்கு இருக்க, கட்டடக்காரர்களிடம் எதற்கு வம்பு என்று மகளிடம் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். பெற்ற வயிறு பயப்படுகிற மாதிரி அப்பன் மனசும் பயப்படும்தானே என்று சியோம்புவா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அவளுக்குக் கட்டடக்காரர்களைக் கண்டு பயம் கிடையாது. முப்பது வருஷமாக அவர்களுக்கு மணல் விற்கிறவள் அவள். அவளுடைய யார்டிலிருந்து போகிற ஒவ்வொரு லோடிலும் ஒரு பிடி அள்ளி, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத் தேய்ப்பாள். கையை உதறினால் சுத்தமாக இருக்க வேண்டும். கறை ஒட்டினால் சவுட்டு மண் கலந்திருக்கிறது என்று அர்த்தம். அந்த லோடு வெளியே போகாது, லாரிக்காரன் காலில் விழுந்தாலும் போகாது. கை சுத்தமாக இருந்தால்தான் சீட்டில் கையெழுத்து. சியோம்புவாவின் கையெழுத்து இருக்கிற சீட்டைப் பார்த்தால் ஊரில் எந்தக் கொத்தனாரும் மணலைத் திரும்பத் தொட்டுப் பார்ப்பதில்லை.

எழுத்தென்று அவளுக்கு எழுதத் தெரிந்தது அந்தக் கையெழுத்து ஒன்றுதான். எண்களை வாசிப்பாள், போடவும் செய்வாள். எழுத்து வாசனை கிடையாது.

*

கோர்ட்டில் சர்ச் பெண்கள் ஆறு பேரோடு இரண்டாவது பெஞ்சை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பக்கத்தில் அவள் தோழி வயுவா, மடியில் ஒரு டப்பா நிறையப் பொரித்த மண்டாசியோடு. முன்னால் கறுப்பு அங்கியில் கலுண்டே. திரும்பிப் பார்த்துச் சின்னதாகச் சிரித்தாள். அவ்வளவுதான், சியோம்புவாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"இப்பவே அழுதா தீர்ப்பு வர்றப்ப என்ன பண்ணுவே?" என்று வயுவா இடித்தாள்.

நியாமு எழுந்தார். வழுக்கைத் தலை, இனிப்பான குரல். அந்தக் குரலைக் கேட்டாலே சியோம்புவாவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"மை லேடி, என் கட்சிக்காரர் நல்ல சிமென்ட் வாங்கினாரு, நல்ல கம்பி வாங்கினாரு. கோர்ட்டே நியமிச்ச இன்ஜினியர் முயிண்டே தூணைத் துளைச்சு எடுத்துச் சோதிச்ச அறிக்கை இருக்கு. அவரே சொல்றாரு, கோளாறு மணல்ல. மணல்னு வந்ததுல நிறையச் சவுட்டு மண். அப்படின்னா பதில் சொல்ல வேண்டியது மணல் குடுத்தவங்கதானே? அவங்களை இந்த வழக்குல மூணாம் தரப்பாச் சேக்க அனுமதி வேணும்."

"சரியா மாட்டினான் எவனோ" என்று சியோம்புவா வயுவாவின் காதில் சொன்னாள். "சவுட்டு மண்ணை வித்தவனுக்கு நல்லா வேணும்."

"யார் அந்த வியாபாரி?" என்றார் நீதிபதி அம்மா.

நியாமு காகிதத்தைப் பார்த்து வாசித்தார். "சந்தை ரோட்டுல மணல் யார்டு வச்சிருக்கிற சியோம்புவா கிதாவி."

இந்த ஊரில் இன்னொரு சியோம்புவா கிதாவி இருக்கிறாளா என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. சந்தை ரோட்டில், மணல் யார்டோடு, எனக்குத் தெரியாமல் எப்படி வந்தாள் என்றுகூட ஒரு கணம் யோசித்தாள். அப்புறம் பெஞ்சில் இருந்த ஆறு தலையும் ஒன்றாகத் தன் பக்கம் திரும்புவதைப் பார்த்தாள். வயுவா பாதி கடித்த மண்டாசியோடு வாயைத் திறந்தபடி இருந்தாள்.

"இதோ லோடு சீட்டுங்க, மை லேடி. இருபத்திரண்டு. எங்க சைட் ஸ்டோர்ல பத்திரமா இருந்துச்சு. ஒவ்வொண்ணுலயும் அந்த அம்மாவோட கையெழுத்து. ஒரு பிரதி எதிர்த்தரப்பு வக்கீலுக்கும் குடுக்கறேன்." நியாமு நிறுத்தி, இன்னும் கொஞ்சம் தேன் ஊற்றினார். "அந்த அம்மா எதிர்த்தரப்பு வக்கீலோட தாயார். அதையும் கோர்ட் பதிவு பண்ணிக்கணும்."

கூடம் சலசலத்தது. பின்னால் சர்ச் மண்டபத்துக் குடும்பங்கள் உட்கார்ந்திருந்த பக்கத்திலிருந்து, "என்ன? என்ன சொல்றாரு?" என்று குரல்கள். கதுங்கே டீச்சர் மட்டும் கலுண்டேயின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கலுண்டே சீட்டுகளை வாங்கினாள். முதல் சீட்டைப் பார்த்தாள். இரண்டாவதைப் பார்த்தாள். மூன்றாவதில் அவள் கை நின்றது.

"ஆட்சேபணை இருக்கா, வக்கீலம்மா?"

"மை லேடி..."

போன வாரம் சாட்டையாகச் சுழன்ற நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

"இந்தச் சீட்டுகள் விஷயம் உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியாது, மை லேடி. சத்தியமா இந்த நிமிஷம்தான்..."

நீதிபதி அம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "பெத்த தாய் எதிர்த்தரப்பா வந்தா நீங்க இந்த வழக்கை நடத்த முடியுமான்னு நீங்களே யோசிங்க. ரெண்டு மணிக்குக் கட்டடத்தைப் பாக்கப் போறோம். அங்க எனக்குப் பதில் சொல்லுங்க."

*

வராந்தாவில் கலுண்டேயைப் பிடிப்பதற்குள் சியோம்புவாவுக்கு மூச்சு வாங்கியது.

"என் மணலா? என் மணலா சவுட்டு மண்ணு? எங்க அவன்? அந்த மொட்டத் தலையன் எங்க? ஒரு பிடி அள்ளி அவன் கையில தேச்சு விடறேன், அப்பப் புரியும்!"

"அம்மா, மெதுவா."

"எதுக்கு மெதுவா? முல்வாவுக்கு நான் மணலே குடுத்ததில்ல. அவன் மூஞ்சிக்கு நான் குடுப்பேனா?"

"அவருக்குக் குடுக்கலம்மா. தரகர் லாரிக்குக் குடுத்திருக்கோம். சீட்டுல வண்டி நம்பர் மட்டும்தானே இருக்கும்? அவன் எந்த சைட்டுக்குக் கொண்டு போனான்னு நமக்கு எப்படித் தெரியும்?" கலுண்டே சீட்டுக் கட்டை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தாள். குரல் ஒரு மாதிரி தட்டையாக இருந்தது. "ஏழு வருஷத்துக்கு முந்தி. ஏப்ரல்லேர்ந்து ஜூன் வரைக்கும். ஆத்துல மணல் அள்ளக் கூடாதுன்னு தடை போட்டிருந்தாங்களே, அந்த மாசங்க."

"தடை போட்டப்ப நான் ஊர்லயே இல்லடி! உங்கப்பாவுக்கு முதுகுல ஆபரேஷன். நைரோபி ஆஸ்பத்திரியில அவர் கட்டிலுக்குப் பக்கத்துல மூணு மாசம் ஸ்டூல்ல உக்காந்திருந்தேன். என் கையெழுத்து எப்படி..."

சொல்லிக்கொண்டே வந்தவள் நின்றாள்.

ஞாபகம் வந்துவிட்டது. பஸ் புறப்படப் போகிறது, கிதாவியை ஏற்றியாயிற்று, ஒரு காலைப் படியில் வைத்துக்கொண்டு அவள் கையெழுத்துப் போட்டாள். ஒரு புத்தகம் முழுக்க. ஐம்பது சீட்டு. யார்டில் கிடந்த குவியலை முந்தின நாள்தான் தேய்த்துப் பார்த்திருந்தாள், சுத்தமான மணல். அதை விற்கத் தான் திரும்பி வரும்வரை காத்திருக்க வேண்டாமே என்று போட்டாள். ஆனால் குவியலில் இருந்தது ஏழெட்டு லோடுதான். எண்ணிப் போட நேரமில்லை. மணலைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டது வாழ்க்கையில் அந்த ஒரு தரம். அதற்கப்புறம் அந்தப் புத்தகம் என்ன ஆயிற்று என்று அவள் கேட்கவே இல்லை. கணவன் பிழைத்து வந்ததே போதுமென்றிருந்த காலம் அது.

"குடு, நான் பாக்கறேன்."

"வேணாம்மா."

"குடுடி!"

பிடுங்கினாள். கையெழுத்து அவளுடையதுதான், அதில் சந்தேகமே இல்லை. மேலே வண்டி நம்பர், தேதி, எடை. 7 டன். 7 டன். 7 டன். ஒவ்வொரு ஏழுக்கும் நடுவில் ஒரு குட்டிக் கோடு.

அந்த ஏழைச் சியோம்புவாவுக்குத் தெரியும். இரண்டாம் வகுப்பில் டீச்சர் எத்தனை தரம் தப்பு என்று அடித்தும், இடுப்பில் பெல்ட் கட்டிய மாதிரி ஏழு எழுதிய ஒரே பெண் இந்த ஊரில் யார் என்று அவளுக்குத் தெரியும்.

நிமிர்ந்து மகளைப் பார்த்தாள். மகள் சுவரைப் பார்த்தாள். மூன்றாவது சீட்டில் அவள் கை ஏன் நின்றது என்று இப்போது புரிந்தது. அவள் அதிர்ந்தது அம்மாவின் கையெழுத்தைப் பார்த்து அல்ல.

"அந்த மூணு மாசமும் எனக்கு லீவு" என்றாள் கலுண்டே மெதுவாக. "நான்தானே யார்டப் பாத்துக்கிட்டேன்."

சியோம்புவா சீட்டுக் கட்டை மறுபடியும் புரட்டினாள்.

"நீ வீட்டுக்குப் போம்மா. ரெண்டு மணிக்கு அங்க வராதே. யார் என்ன கேட்டாலும் வாயத் திறக்காதே. இத வக்கீலாச் சொல்றேன்."

"மகளாச் சொல்லு."

"மகளா இப்ப என்னால எதுவும் பேச முடியாதும்மா." சீட்டுகளை வாங்கிக்கொண்டு கலுண்டே விறுவிறுவென்று நடந்தாள். வராந்தா முனையில் கதுங்கே டீச்சர் அவளுக்காக ஊன்றுகோலில் சாய்ந்து காத்திருந்தாள்.

*

வீட்டுக்குப் போகச் சொன்னால் போகிற ஆளா சியோம்புவா? ஒன்றே முக்காலுக்கே கட்டடத்தின் முன்னால் நின்றாள். வயுவா கூடவே வந்திருந்தாள். மண்டாசி டப்பாவும் கூட வந்திருந்தது, தின்னத்தான் யாருக்கும் மனசில்லை.

குடியிருந்தவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். தங்கள் சொந்த வீட்டு வாசலில் அந்நியர் மாதிரி, அதிகாரிகள் கட்டிய கயிற்றுக்கு வெளியே நின்றார்கள். நாலாவது மாடிக் கொடியில் அன்றைக்கு உலர்த்தியதோடு விட்டுவிட்டுப் போன ஒரு சட்டை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. சிலர் சியோம்புவாவைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நேற்று வரை "வக்கீலோட அம்மா" என்று நாற்காலி போட்டவர்கள் அவர்கள்.

இன்ஜினியர் முயிண்டே துளைபோட்ட ஒரு தூணின் அடியில் நொறுங்கல் கொட்டிக் கிடந்தது. சியோம்புவா கயிற்றுக்கு அடியில் குனிந்து ஒரு பிடி அள்ளினாள். கான்கிரீட் என்று பெயர், விரலில் பிஸ்கட்டாக உதிர்ந்தது. இரண்டு கைக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தாள். உதறினாள்.

கை முழுக்கச் செம்பழுப்பு. தலைத்துணி முனையில் துடைத்தாலும் போகவில்லை.

அதுகூடப் பரவாயில்லை. அந்தப் பழுப்புக்கு நடுவில் கறுப்புக் கறுப்பாகக் கரித் துணுக்கு. சுட்ட செங்கல் தூள். ஆற்றங்கரையில் கரியும் செங்கல் தூளும் கலந்த மண் இருப்பது ஒரே இடத்தில்தான். கல்யாணமான புதிதில் அவளும் கிதாவியும் செங்கல் சூளை போட்ட இடம் அது. அவர்களுடைய சொந்த நிலம். ஆற்றில் தடை என்றதும் யாரோ அந்தக் கரையை வெட்டி லாரியில் ஏற்றியிருக்கிறார்கள். அவளுடைய கையெழுத்தின் பேரில். அவளுடைய பெண் எழுதிய சீட்டில்.

கலுண்டேயா செய்திருப்பாள்? சே. மணலுக்கும் மாவுக்கும் வித்தியாசம் தெரியாத பெண் அவள், புத்தகத்தைத் தவிர எதையும் அள்ளியதில்லை. ஆனால் கோர்ட் அதையெல்லாம் கேட்குமா? நாற்பது குடும்பத்துக்காக வாதாடிய வக்கீலே அந்தச் சீட்டை எழுதினாள் என்றால், அந்தக் கறுப்பு அங்கியை அவள் மறுபடியும் போட விடுவார்களா?

நீதிபதி அம்மாவின் கார் வந்து நின்றது. அங்கியில்லாமல், சாதாரணக் காலணியோடு இறங்கினார். நியாமு, முல்வா, கலுண்டே எல்லோரும் பின்னால். தூணைப் பார்த்தார்கள், படிக்கட்டு இருந்த ஓட்டையைப் பார்த்தார்கள். முயிண்டே நகத்தால் சுவரைக் கீறிக் காட்டினார். நகம் உள்ளே போயிற்று.

"சரி. வக்கீலம்மா, உங்க பதில்?" என்றார் நீதிபதி.

கலுண்டே வாயைத் திறந்தாள். அதற்குள் கயிற்றைத் தாண்டி உள்ளே வந்துவிட்டாள் சியோம்புவா.

"நான்தான் சியோம்புவா, மை லேடி. கையெழுத்து என்னுது. சீட்ட எழுதினதும் நான்தான். மண்ணக் கலந்ததும் நான்தான். இந்தப் பொண்ணுக்கு இதுல ஒண்ணும் தெரியாது."

"அம்மா!"

"நீ சும்மா இரு!"

கூட்டத்தில் ஒரு பெண் "அடிப்பாவி!" என்று கத்தினாள். முல்வாவின் முகத்தில் இந்த எட்டு மாதத்தில் முதல் தரமாகச் சிரிப்பு வந்தது. நீதிபதி கையை உயர்த்தினார். "இந்தாங்கம்மா, நீங்க இப்ப எதுவும் சொல்ல வேண்டியதில்ல. உங்களுக்குன்னு ஒரு வக்கீல் வச்சுக்கிட்டு..."

"எனக்கு வக்கீல் வேணாம். நான்தான் பண்ணேன். எழுதிக்குங்க."

அங்கேயே அது முடிந்திருக்கும். வயுவா என்று ஒரு தோழி இல்லாமல் இருந்திருந்தால்.

"பொய்!" என்று கூவினாள் வயுவா, டப்பாவை மார்போடு கட்டிக்கொண்டு. "பொய் சொல்றா, மை லேடி! அவ சுத்தமானவ, அவ அப்படிப் பண்ணவே மாட்டா! அவ எங்க சீட்டு எழுதுவா? அவளுக்கு எழுதவே தெரியாது! சர்ச்ல வருகைப் பதிவுக்குக்கூட நான்தான் எழுதிக் குடுப்பேன், அவ கையெழுத்து மட்டும்தான் போடுவா. ஊருக்கே தெரியும், கேட்டுப் பாருங்க!"

முப்பது வருஷ சிநேகிதம். காப்பாற்ற வந்தது, கழுத்தை அறுத்துவிட்டுப் போய் நின்றது.

நீதிபதி அம்மா சியோம்புவா பக்கம் திரும்பினார். பிறகு குமாஸ்தாவிடமிருந்து ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் வாங்கி நீட்டினார். "எழுதிக் காட்டுங்கம்மா. 'ஏழு டன் ஆற்று மணல்.' அவ்வளவுதான்."

சியோம்புவா பேனாவை வாங்கினாள். காரின் முன்பக்கத்தில் தாளை வைத்துக் குனிந்தாள். நாற்பது குடும்பமும் பார்த்துக்கொண்டிருந்தது. ஏழு போடத் தெரியும். அதற்கு ஒரு கோடும் போட்டுவிடலாம். அதற்கப்புறம்? அவள் தன் கையெழுத்தை முதலிலிருந்து கடைசி வரை எழுதினாள், வேறு எதுவும் அந்தக் கைக்கு வரவில்லை. பேனா நின்ற இடத்திலேயே மை தாளில் ஊறியது. முப்பது வருஷம் தலை நிமிர்ந்து வியாபாரம் பண்ணியவளுக்கு, ஊர் நடுவில் அம்மணமாக நிற்பது போல் வெட்கமாக இருந்தது.

அவள் விரல்களிலிருந்து யாரோ பேனாவை எடுத்தார்கள்.

கலுண்டே குனிந்து எழுதினாள். 7 டன் ஆற்று மணல். வேகமாக, பழகிய கையாக. ஏழின் நடுவில் கோடு விழுந்தது. தாளைச் சீட்டோடு சேர்த்து நீதிபதியிடம் கொடுத்தாள்.

நீதிபதி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நியாமுகூட இதை எதிர்பார்க்கவில்லை. அவர் வாய் பாதி திறந்திருந்தது.

"நீங்களும் இப்ப எதுவும் சொல்ல வேண்டியதில்ல, வக்கீலம்மா" என்றார் நீதிபதி, தணிந்த குரலில்.

"சொல்லணும், மை லேடி. இவங்க என்னை நம்பி வந்தவங்க." கலுண்டேயின் கண்ணில் தண்ணீர் இல்லை, அதுதான் பார்க்கப் பயமாக இருந்தது. "அப்ப நான் சட்டம் படிச்சுக்கிட்டிருந்தேன். அம்மா கையெழுத்துப் போட்டு வச்ச புத்தகம். லாரி வரும், நம்பரும் தேதியும் எழுதிக் கிழிச்சுக் குடுப்பேன். மணல் ஆத்தங்கரையிலயே ஏறிடும். நான் போய்ப் பாக்கல. பாத்திருந்தாலும் எனக்குத் தெரிஞ்சிருக்காது."

"எத்தனை சீட்டு எழுதினீங்க?"

"புத்தகம் முழுசும். ஐம்பது."

"இங்க இருக்கறது இருபத்திரண்டு."

"மிச்சம் எங்க போச்சுன்னு எனக்குத் தெரியாது, மை லேடி."

"யார் எழுதச் சொன்னது?"

அவள் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். மன்னிப்புக் கேட்கிற பார்வை. எதற்கு மன்னிப்பு என்று சியோம்புவா யோசித்து முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது.

"எங்கப்பா. ஆஸ்பத்திரியிலேர்ந்து தினமும் போன் பண்ணுவாரு. ஆத்தங்கரையில கிடக்கற பழைய இருப்பு, அம்மா தேச்சுப் பாத்ததுதான், தைரியமா எழுதுன்னு சொன்னாரு."

சியோம்புவாவுக்குக் காது அடைத்துக்கொண்டது. அதற்கப்புறம் நீதிபதி பேசியது, குமாஸ்தா எழுதியது, கலுண்டே வழக்கிலிருந்து விலகுவதாகச் சொன்னது எல்லாம் தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பது போல் கேட்டது. மூன்று மாதம். அந்த ஆளுக்குக் கஞ்சி ஊட்டினாள், முதுகு துடைத்தாள், அவர் முனகினால் விழித்தாள். அவர் துணியைத் துவைக்க அவள் கீழே போகிற நேரத்தில் அவர் போனை எடுத்திருக்கிறார். எடுத்து, அவள் பேரை அவள் பெண் கையாலேயே விற்றிருக்கிறார். ஆஸ்பத்திரிச் செலவுக்கு என்று சொல்வாரோ? சொல்லியிருந்தால் யார்டையே விற்றுக் கொடுத்திருப்பாளே!

கூட்டம் கலைந்தது. கதுங்கே டீச்சர் நொண்டிக்கொண்டே கலுண்டேயிடம் வந்தாள்.

"இனிமே எங்களுக்காக யாரும்மா பேசுவா?"

"நல்ல வக்கீலா நானே பாத்துத் தர்றேன்க்கா."

"நல்ல வக்கீல்னுதானே உன்னப் பாத்தோம்" என்றாள் கதுங்கே. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுவரை தாங்கி நின்ற கலுண்டே அந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

சியோம்புவா மகள் பக்கம் போக அடியெடுத்து வைத்தபோது அவளுடைய போன் அடித்தது. கிதாவி.

"கலுண்டே அம்மா, எங்க இருக்கே? முதோகோய் ஆறிப் போச்சு, நான் இன்னும் சாப்பிடல. என்னாச்சு கேஸ்? நம்ம பொண்ணு ஜெயிச்சாளா?"

அந்தக் குரலில் ஒரு மாற்றமும் இல்லை. முப்பத்திரண்டு வருஷமாகக் கேட்கிற அதே குரல். சவுட்டுக் கறை படிந்த கையால் போனைப் பிடித்துக்கொண்டு அவள் சொன்னாள்:

"உங்க பேரச் சொல்லிட்டா, கலுண்டே அப்பா. நீதிபதிகிட்ட. எழுதச் சொன்னது நீங்கதான்னு சொல்லிட்டா."

அவள் காத்திருந்தாள். 'என்ன உளறறே' என்று திட்டுவார் என்று காத்திருந்தாள். 'எவன் சொன்னது' என்று கத்துவார் என்று காத்திருந்தாள். அவர் எந்தப் பொய்யைச் சொன்னாலும் அந்த நிமிஷம் அவள் நம்பியிருப்பாள்.

கிதாவி தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"இந்த ஒரு கட்டடத்தப் பத்தி மட்டும்தானே கேட்டாங்க?" என்றார்.